வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: பச்சிளங்குழந்தையின் குடல் அழுகலும் அறுவை சிகிச்சையும்

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் நோய் பற்றி வந்த கடிதங்களுக்குக் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இந்த இதழில் பதில் எழுதுகிறார்கள்.

கேள்வி: என் பேத்தி 28 வாரத்தில் பிறந்தாள். எடை 1,100 கிராம். டியூப் வழியாகப் பால் ஏற்றுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். 16ஆம் நாள் திடீரென்று வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்தது. குடல் அழுகல் என்கிறார்கள். தன் பால் ஒத்துக்கொள்ளாமல்தான் இப்படி ஆகிவிட்டது என்று மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். — ஒரு பாட்டி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் மகளின் மனக்குறையைத் தீர்த்துவிடுவோம் அம்மா. இந்த நோய்க்குத் தாய்ப்பால் காரணம் இல்லை. வராமல் காப்பதில் அதற்கு நிகரான மருந்து இன்றுவரை இல்லை. 1990இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. அப்படியும் சில தாய்ப்பால் குழந்தைகளுக்கு வரத்தான் செய்கிறது. அடிப்படைக் காரணம் குறைமாதம் என்பதால் அதை முழுக்கத் தடுத்துவிட முடிவதில்லை.

28 வாரக் குழந்தையின் குடல் சுவர் இன்னும் மெல்லியது. உள்ளே கவசமாக இருக்கவேண்டிய சளிப்படலம் போதாது. குடலில் குடியேறும் கிருமிகளைக் கண்டு உடல் அளவுக்கு மீறிக் கொதித்தெழுகிறது. அந்த அழற்சியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, குடல் சுவருக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சுவர் நைந்ததும் கிருமிகள் அதற்குள்ளேயே புகுந்து வாயுவை உண்டாக்குகின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும்தான் பெரும்பாலும் அடிபடும். மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்து இரண்டு, மூன்று வாரம் கழித்து, பால் நன்றாக ஏறிவரும் நேரத்தில் இது வருவது வழக்கம். உங்கள் பேத்தியின் 16ஆம் நாள் அந்தக் கணக்கில்தான் வருகிறது. யாரும் செய்த தவறால் வந்த நாள் இல்லை.

மகள் இப்போது ஒரு வேலையை விடாமல் செய்யவேண்டும். குழந்தைக்குப் பால் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்காகப் பீய்ச்சுவதை நிறுத்தக்கூடாது. இரவிலும் ஒரு முறை உட்பட நாளைக்கு 8 முறை பீய்ச்சி, தேதி எழுதி, மருத்துவமனை சொல்லும் முறையில் உறையவைத்துச் சேமிக்கட்டும். ஏழு, பத்து நாள் கழித்துக் குழந்தைக்கு மறுபடி பால் தொடங்கும்போது முதலில் தேவைப்படுவது இந்தப் பால்தான்.

கேள்வி: அண்ணன் மகனுக்கு இந்த நோய் உறுதி என்று சொல்லியும் ஆபரேஷன் செய்யாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள்? — வாசகர், கரூர்

பதில்: பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே இது ஆறிவிடும். அதனால்தான் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் சும்மா இருப்பதாக நினைக்கவேண்டாம். வாய்வழி எதுவும் கிடையாது. இரைப்பையில் 8 எண் டியூப் போட்டு, காற்றும் பச்சை நீரும் வெளியேறுவதற்கு அதைத் திறந்து வைப்பார்கள். ஆன்டிபயாடிக், ரத்த நாளம் வழியாக முழு ஊட்டச்சத்து, தேவைப்பட்டால் வென்டிலேட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். நோயின் கடுமையைப் பொறுத்து 7 முதல் 14 நாள் வரை பால் கிடையாது.

எக்ஸ்ரேயில் முதலில் தேடுவது குடல் சுவருக்குள் இருக்கும் காற்று. சின்னச் சின்னக் குமிழிகளாகவோ, குடலின் வளைவோடு இரட்டைக் கோடாகவோ தெரியும். இந்த நோயின் கையெழுத்து அது. கல்லீரலுக்குள் கிளைகிளையாகக் காற்று தெரிந்தால் நோய் கடுமையாகிவிட்டது என்று பொருள். நாங்கள் பயந்துகொண்டு தேடுவது மூன்றாவதை: குடலுக்கு வெளியே, வயிற்றறைக்குள் நிற்கும் காற்று. அது தெரிந்தால் குடல் ஓட்டையாகிவிட்டது. மல்லாக்கப் படுத்து எடுத்த படத்தில் கொஞ்சக் காற்று கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே குழந்தையை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து இன்னொரு படம் எடுப்பார்கள். காற்று மேலேறிக் கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கறுப்பாக நிற்கும். ஒவ்வொரு படத்திலும் கதிர்வீச்சு மிகச் சிறிது. ஓட்டையைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

ஓட்டை விழுந்தால் ஆபரேஷன் உறுதி. சங்கடமெல்லாம் ஓட்டை விழாமலே குடல் செத்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம்தான். பிளேட்லெட் சரசரவென்று இறங்குவது, ரத்தத்தில் அமிலம் ஏறுவது, வயிற்றுத்தோல் சிவந்து பளபளப்பது, 24 மணி நேரம் கழித்தும் ஒரே குடல் வளையம் படத்தில் அதே இடத்தில் அசையாமல் நிற்பது, முழுச் சிகிச்சை கொடுத்தும் ரத்த அழுத்தம் நிற்காதது — இவற்றில் இரண்டு மூன்று கூடிவந்தால் ஓட்டைக்குக் காத்திருப்பது தவறு என்பது எங்கள் கருத்து. சீக்கிரம் திறந்தால் தேறியிருக்கக்கூடிய குடலைத் தொந்தரவு செய்கிறோம். தாமதித்தால் குழந்தை ஆபரேஷனையே தாங்காது. இந்த நடுக்கோட்டைத் தேடித்தான் அந்த ஆறு மணி நேரக் கணக்கு.

கேள்வி: 800 கிராம் குழந்தைக்குக் குடலில் ஓட்டை. வயிற்றைத் திறக்காமல் வலது அடிவயிற்றில் ஒரு ரப்பர் டியூபை மட்டும் வைத்துவிட்டார்கள். இது அரைகுறைச் சிகிச்சையா? — வாசகி, தேனி

பதில்: இல்லை. 1977இல் கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் எழுதிவைத்த முறை இது. மயக்க மருந்தைத் தாங்காது என்று கருதிய குழந்தைக்கு, படுக்கையிலேயே, மரத்துப்போகும் ஊசியும் வலி மருந்தும் கொடுத்து, ஒரு சென்டிமீட்டர் கீறி, டிரெயின் எனப்படும் மெல்லிய ரப்பர் வடிகுழாயை வைப்பார்கள். அடைபட்ட காற்றும் மலமும் சீழும் வெளியேறும். வயிற்றின் இறுக்கம் தளர்ந்ததும் குழந்தை நன்றாக மூச்சுவிடும். சிலருக்கு ஓட்டை தானாகவே மூடிவிடுகிறது. மற்றவர்களுக்கு இது ஓரிரு நாள் அவகாசம் வாங்கித் தரும்.

எந்த நோய்க்கு வைத்தார்கள் என்பதைக் கேளுங்கள். குடல் அழுகல் இல்லாமலே, பிறந்த முதல் பத்து நாளுக்குள், சிறுகுடலில் ஒரே ஒரு ஓட்டை விழும் நோய் ஒன்று உண்டு. சுற்றியுள்ள குடல் நன்றாகவே இருக்கும். 1,000 கிராமுக்கு மிகாத 310 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இரண்டையும் பிரித்துப் பார்த்தது. ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு எத்தனை பேருக்கு என்பது கணக்கு. மொத்தமாகப் பார்த்தால் வயிற்றைத் திறந்தவர்களில் 69 சதவீதம், டிரெயின் வைத்தவர்களில் 70 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆனால் குடல் அழுகல் என்று கருதப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் திறந்தவர்களில் 69, டிரெயினில் 85. ஒற்றை ஓட்டைக்காரர்களில் திறந்தவர்களில் 69, டிரெயினில் 63. ஆகவே ஒற்றை ஓட்டை என்றால் டிரெயின் தகுந்த சிகிச்சையே. அழுகல் என்றால், குழந்தை தாங்கும் நிலையில் இருக்கும்வரை திறப்பதையே நாங்கள் விரும்புவோம். செத்த குடலை டிரெயின் வெளியே எடுக்காது.

கேள்வி: நான் நர்சிங் படிக்கிறேன். இவ்வளவு சின்ன வயிற்றுக்குள் என்னதான் செய்கிறார்கள்? எவ்வளவு குடல் மிஞ்சினால் குழந்தை பிழைக்கும்? — மாணவி, தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு கிலோ குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தம் 90 மில்லிக்குச் சற்று மேல். ஒரு சிறிய காஸ் துணி நனைந்து போனாலே அதில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கலாம். ஆகவே துணிகளை எடைபோட்டுத்தான் கணக்கு வைப்போம். ரத்தமும் பிளேட்லெட்டும் தயாராக இருக்கவேண்டும். தியேட்டர் ஏசியை நிறுத்தி, பெரியவர்களுக்கு வேர்க்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். குடலைக் கழுவும் சலைன் எனும் மருத்துவ உப்புநீர்கூட வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். குளிர்ந்த குழந்தைக்கு ரத்தம் சரியாக உறையாது. வென்டிலேட்டரை விட்டு நகர்த்தவே முடியாத குழந்தைக்கு பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) சூடூட்டும் படுக்கையான வார்மரிலேயே ஆபரேஷன் செய்வதும் உண்டு.

தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காகக் கீறித் திறக்கிறோம். முதல் ஆபத்து குடலில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் கல்லீரல் பெரியது, கீழே இறங்கியிருக்கும், வெண்ணெய் போல மிருதுவானது. கீறலை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் கருவியின் முனை அழுத்தினாலே உறைக்கடியில் ரத்தம் கட்டி, நிறுத்த முடியாமல் போகலாம். அதைத் தொடாமல் இருப்பதே வைத்தியம்.

பிறகு குடலை முழுக்க வெளியே எடுத்துப் பார்க்கிறோம். இளஞ்சிவப்பு என்றால் நல்லது. சாம்பல், கறுப்பு, ஈரத்தாள் போல நைந்தது என்றால் செத்தது. ஊதா நிறத்தில், மேலே காற்றுக் குமிழிகளோடு இருப்பது சந்தேகக் கேஸ். சந்தேகக் கேஸை வெட்டுவதில்லை. செத்ததையும் ஓட்டையானதையும் மட்டும் எடுத்து, சந்தேகமானதை உள்ளே விட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்க்கிறோம். அதற்குள் ஊதா பல இடங்களில் சிவப்பாகத் திரும்பியிருக்கும். நோய் துண்டு துண்டாகப் பல இடத்தில் இருந்தால் செத்தவற்றை எடுத்து, நல்ல துண்டுகளின் முனைகளைக் கிளிப் போட்டு மூடி உள்ளே விட்டுவிட்டு, இரண்டாம் முறை வந்து இணைப்பதும் உண்டு.

வெட்டிய முனைகளை அப்போதே தைத்து இணைப்பது குழந்தை நிலையாக இருந்து, நோய் ஓரிடத்தில் மட்டும் இருந்தால்தான். மற்றவர்களுக்கு மேல்முனையை வயிற்றுத்தோலில் திறந்து வைக்கிறோம். அதுதான் ஸ்டோமா. கீழ்முனையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைப்போம்.

மூடுவதற்கு முன் ஒரு நூலை ஈரமாக்கி, குடலின் வெளிவிளிம்போடு வளைத்து வைத்து, மிஞ்சிய நீளத்தை அளக்கிறோம். நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் ஏறத்தாழ 250 சென்டிமீட்டர். 27 வாரத்துக்கு முன் அதில் பாதிதான் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் அது இரட்டிக்கிறது. எனவே 27 வாரக் குழந்தைக்கு மிஞ்சிய 50 சென்டிமீட்டர், நிறைமாதக் குழந்தைக்கு மிஞ்சிய 50 சென்டிமீட்டருக்குச் சமமில்லை. அதற்கு இன்னும் வளர இடமிருக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வும் பெருங்குடலும் தப்பியிருந்தால், 40 சென்டிமீட்டருக்குக் குறைவாக மிஞ்சிய குழந்தைகள்கூட மாதக்கணக்கில் ரத்தநாள ஊட்டத்தில் இருந்துவிட்டு மெல்ல வாய்வழி உணவுக்கு மாறியிருக்கிறார்கள். எடுத்து எறிந்த நீளத்தைவிட உள்ளே மிஞ்சியதுதான் அந்தக் குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

இதைப் பெற்றோருக்கும் சொல்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: மிஞ்சிய சிறுகுடல் எத்தனை சென்டிமீட்டர், வால்வு இருக்கிறதா, பெருங்குடல் எவ்வளவு, ஸ்டோமா எந்த இடத்துக் குடல். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 அங்கே உறிஞ்சப்படாது. உடல் சேமிப்பு தீர்ந்த பின், சில வருடம் கழித்துத்தான் குறை தெரியும். அப்போது பார்க்கும் டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் வழி.

உண்மையை மறைக்கக்கூடாது: ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்குப் போன குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒன்றை இழக்கிறோம். ஒரு கிலோவுக்குக் கீழே இழப்பு அதைவிடக் கூடுதல். திறந்து பார்த்தால் குடல் முழுவதுமே கறுத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. அப்போது மூடிவிட்டு, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, குழந்தை வலியில்லாமல் அவர்கள் மடியில் இருக்க ஏற்பாடு செய்வதும் சிகிச்சைதான். பிழைத்தவர்களுக்கும் மூளை வளர்ச்சி, காது, கண் சோதனைகளை விடக்கூடாது.

கேள்வி: மகனுக்கு ஸ்டோமா வைத்து வீட்டுக்கு வந்திருக்கிறோம். எடை 2 கிலோ. பை ஒட்டவே மாட்டேன் என்கிறது. சுற்றிலும் தோல் வெந்து போயிருக்கிறது. பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறவில்லை. — ஒரு தாய், சேலம்

பதில்: பை ஒட்டாததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, தோலில் எண்ணெய்ப் பசை. பேபி ஆயில், பேபி வைப்ஸ், பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். இரண்டு, துளையின் அளவு. ஸ்டோமாவைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் இடைவெளியில் தோல் வேகும். முதல் ஆறு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். போன வாரத்து அளவில் வெட்டினால் இந்த வாரம் தோல் புண்ணாகும். வாரம் ஒருமுறை அளந்து, அட்டையில் புதிய மாதிரி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பை மாற்றுவதற்குப் பால் கொடுக்கும் முன்பு நல்ல நேரம், அப்போது வரத்து குறைவாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். கனத்தால்தான் பை பிய்ந்துவருகிறது.

தோல் ரணமாகிவிட்டால் ஓரிரு நாள் பையை விட்டுவிட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பை இட்லி மாவு பதத்துக்குக் கெட்டியாக அப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி வைத்து, நனைய நனையத் துணியை மட்டும் மாற்றுங்கள். களிம்பைச் சுரண்டி எடுக்கவேண்டாம், அழுக்கான மேல்பூச்சை ஒற்றி எடுத்து மேலேயே பூசுங்கள். பை வாங்கக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் மாதக்கணக்கில் இப்படியே சமாளிக்கிறார்கள்.

ஸ்டோமா ஈரமாக, சிவப்பாக இருக்கவேண்டும். துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. ஊதா, கறுப்பு, அல்லது குடல் திடீரென நீளமாக வெளியே தள்ளி உள்ளே போகாமல் நின்றால் அன்றே மருத்துவமனை. ஆறு மணி நேரம் ஒன்றும் வராமல் வாந்தியும் எடுத்தாலும் அப்படியே.

இப்போது எடை. ஸ்டோமா வழியாகப் போவது மலம் மட்டுமில்லை, உப்பும்தான். 24 மணி நேரம் வருவதைச் சிரிஞ்சால் அளந்து எழுதுங்கள். துணியில் போனால் சமையலறை டிஜிட்டல் தராசில் ஈரத்துணியின் எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஒரு மில்லி. உங்கள் மகனுக்கு நாளைக்கு 40 மில்லி வரை பரவாயில்லை. 60ஐத் தாண்டினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். உச்சிக்குழி அமுங்கினாலும், நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலும் காத்திருக்க வேண்டாம். பால் குடித்தும் எடை ஏறாத ஸ்டோமாக் குழந்தைக்குச் சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்த சோதனை, பலரும் மறந்துவிடுவது. ரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கும், உடலில் மொத்தமாகக் குறைந்திருக்கும். சிறுநீரில் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடல் உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவாகச் சோடியம் கொடுத்ததும் எடை ஏறத் தொடங்கும். வீட்டு உப்பை நீங்களாகப் பாலில் கலக்காதீர்கள், அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஸ்டோமாவை எப்போது மூடுவார்கள்? அதற்கு முன் மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்களே? — வாசகர், திருநெல்வேலி

பதில்: பொதுவாக 6 முதல் 8 வாரம் கழித்து, எடை 2 கிலோவைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது. ஸ்டோமா சிறுகுடலின் மேல்பகுதியில் அமைந்து, உப்பும் நீரும் கட்டுக்கடங்காமல் போனால் முன்னதாகவே மூடவேண்டிவரும். படம் கட்டாயம் எடுங்கள். நோய் ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கி, குடல் அடைபடுவது நான்கைந்து குழந்தைகளில் ஒருவருக்கு நேர்கிறது, பெரும்பாலும் பெருங்குடலில். அதைப் பாராமல் மூடினால் புதிய தையல் பிரியும். ஆபரேஷன் இல்லாமலே குணமான குழந்தைக்கும் இது வரலாம். சில வாரம் கழித்து வயிறு உப்பி, மலம் சிக்கினால் இதை நினைவில் வையுங்கள். மூடிய பிறகு மாதங்கள் கழித்து முதல் மலம் ஆசனவாய் வழியாக வரும்போது அந்தத் தோல் சுட்டுப்போகும். முதல் நாளிலிருந்தே ஜிங்க் ஆக்சைடு தடவுங்கள்.

கேள்வி: நிறைமாதப் பேரன், 12 நாள் ஆகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்தால்தான் வெளிக்குப் போகிறான். மாந்தம் என்கிறார்கள். — வாசகி, அரியலூர்

பதில்: காம்பை இன்றோடு நிறுத்திவிட்டு, குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்து எத்தனை மணி நேரத்தில் முதல் கறுப்பு மலம் போனான் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிறைமாதக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் முதல் 24 மணி நேரத்தில் போய்விடுவார்கள். அதைத் தாண்டியிருந்தால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஆசனவாயிலிருந்து மேலே கொஞ்ச தூரம் குடல் சுவரில் நரம்பு முடிச்சுகள் இல்லாமல் பிறப்பது அது. அந்தப் பகுதி விரியாமல் இறுகியே இருக்கும். ஏறத்தாழ 5,000 பிறப்புக்கு ஒன்று, ஆண் குழந்தைகளுக்கு அதிகம். காம்பு உள்ளே போனதும் இறுக்கம் தளர்ந்து காற்றும் மலமும் பீறிட்டு வரும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். நோய் அப்படியே இருக்கும். தேங்கிய மலத்தில் கிருமி பெருகி, வயிறு உப்பி, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் பேதி தொடங்கினால் அதுவும் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் அழற்சி. அந்த நிலையில் குடலைக் கழுவ வெதுவெதுப்பான நார்மல் சலைன் மட்டுமே, ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 மில்லி அளவில், உள்ளே விட்டது வெளியே வந்த பிறகே அடுத்தது. வெறும் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கூடாது. நோயை உறுதிசெய்ய மலக்குடலிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நரம்பில்லாத பகுதியை நீக்கி நல்ல குடலை ஆசனவாயோடு இணைப்பார்கள். பெரும்பாலும் வயிற்றில் தழும்பே இல்லாமல் செய்துவிட முடிகிறது.

கேள்வி: பிறந்து 5 நாளான குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் எவ்வளவு நேரம் பார்க்கலாம்? — வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பார்க்கக் கூடாது. பச்சிலைச் சாறு போன்ற வாந்தி, வேறு காரணம் நிரூபணமாகும்வரை, குடல் முறுக்கிக்கொண்டதாகவே கொள்ளவேண்டும். வயிறு தட்டையாக, குழந்தை நன்றாகவே தெரியலாம். அதை நம்பி ஏமாறாதீர்கள். முறுக்கில் சிக்குவது சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் தரும் நாளம். சில மணி நேரத்தில் மொத்தமும் கறுத்துவிடும். நேரத்தோடு திறந்தால் முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியில் பத்து நிமிடம் பொதிந்து வைத்ததுமே குடல் சிவப்பாகித் திரும்புவதைப் பார்க்கலாம்.

பால் கொடுப்பதை நிறுத்துங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், மஞ்சளா பச்சையா என்ற வாதம் அதிலேயே முடிந்துவிடும். அருகிலுள்ள மருத்துவமனையில் இரைப்பை டியூப் போட்டு, டியூபின் வெளிமுனையை மூடாமல் திறந்து வைத்து, டிரிப் ஏற்றி, குழந்தை அறுவை சிகிச்சை உள்ள இடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். 108இல் பச்சிளங்குழந்தைக்கான ஆம்புலன்ஸ் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அது கிடைக்காமல் வேறு வண்டியில் போகவேண்டி வந்தால், குழந்தைக்குத் தொப்பி போட்டு, தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்த்திக் கொண்டுபோங்கள்.